'மொதல்ல மைக்கை மாத்து தல!' – கேள்வி கேட்காத வைத்தியர்களுக்கு ஒரு கண்டனம்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிறவர்களுக்குப் பெரிய எதிரி யார்? சீலிங் ஃபேன் இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் குரைக்கிற தெருநாய் கூட இல்லை. "நான் ஹெல்ப் பண்றேன் தல" என்று முதல் ஆளாக ஓடி வருகிற புண்ணியவான்கள்தான்! அடிக்க வராதீங்க மக்களே, முழுசா படிச்சுட்டு அப்புறம் அடிங்க :-)

உதவி செய்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையே உதவியில்தான் ஓடுகிறது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு காலேஜில் பாடம் கிடையாது. மேனுவல் தமிழில் கிடையாது. பெரிய ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து பார்க்க நமக்கு வழியும் கிடையாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான், தப்பாகச் சொல்லிக் கொடுப்பவன் மேல் எனக்கு இத்தனை கோபம்.

நடந்த விஷயம் ஒன்று. எங்கள் விடுதியில் முதல் வருடம் படிக்கும் தம்பி நன்றாகப் பாடுவான். லேப்டாப்பில் ஆடாசிட்டி போட்டு, முதலில் ஒரு குரலைப் பதிந்தான். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது குரலைப் பாடினான். போட்டுக் கேட்டால் இரண்டாவது குரல் முழுக்கத் தாளத்துக்குப் பின்னால் வருகிறது. மூன்று பேரிடம் கேட்டிருக்கிறான்.

முதல் ஆள்: "மைக் சரியில்லை, மாத்து."

இரண்டாவது ஆள்: "ஆடாசிட்டியெல்லாம் ஒரு சாஃப்ட்வேரா? நான் பென் டிரைவ்ல ஒண்ணு தர்றேன், அதைப் போடு."

மூன்றாவது ஆள்: "இதுகூடத் தெரியாம எதுக்கு ரெக்கார்டிங்? போய் நாலு வீடியோ பாரு."

தம்பி என்ன செய்தான்? ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் புது மைக் வாங்கினான். பிரச்சினை அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும், மைக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே! மூன்று பேரில் ஒருத்தர்கூட அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அவன் வந்த முடிவு என்ன தெரியுமா? "எனக்குத் தாளம் நிக்கலை அண்ணா." எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். மெஷினின் கணக்குப் பிசகு, பாடுகிறவனின் குறையாக மாறிவிட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். "டைமிங் விலகுது" என்று ஒருத்தர் சொன்னால் அதற்குள் குறைந்தது மூன்று வியாதி இருக்கலாம்.

ஒன்று: பாடும்போதே தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்பது. கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாளாது, ஒரு பக்கெட் நிரம்பியதும்தான் தூக்கும். அந்த பக்கெட்டின் பெயர்தான் பஃபர். வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும்போது பஃபர் 1024 என்றால் ஒரு பக்கெட் நிரம்ப 23 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வர ஒரு பக்கெட், வெளியே போக ஒரு பக்கெட் என்றால் கிட்டத்தட்ட 46. காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆக, உங்கள் குரலை 16 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல. எவனால் பாட முடியும்? பஃபரை 256-க்கோ 128-க்கோ குறைக்க வேண்டும். இல்லையென்றால் குரலை கம்ப்யூட்டருக்குள் போகவிடாமல், இன்டர்ஃபேஸிலிருந்து நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு: பாடும்போது எல்லாம் சரியாக இருந்தது, பதிந்த பிறகு டிராக் மொத்தமாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தம்பியின் கேஸ் இதுதான். பழைய டிராக் ஹெட்போனுக்கு வந்து சேரவும், புதுக் குரல் உள்ளே போய்ச் சேரவும் ஆகும் நேரத்தை சாஃப்ட்வேர் கழித்துக் கணக்குப் போட வேண்டும். ஆடாசிட்டியில் இதற்காகவே லேட்டன்ஸி காம்பன்சேஷன் என்று ஓர் எண் இருக்கிறது. வெகுகாலமாக அதன் ஆரம்ப மதிப்பு −130 மில்லிசெகண்ட். அது எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. எப்படித் திருத்துவது? ஒரு க்ளிக் டிராக் போட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, அந்த க்ளிக்கையே இரண்டாவது டிராக்கில் பதிய வேண்டும். இரண்டு க்ளிக்குக்கும் நடுவே எத்தனை மில்லிசெகண்ட் இடைவெளி என்று பார்த்து, அந்த அளவுக்கு எண்ணை நகர்த்த வேண்டும். பத்து நிமிஷ வேலை, செலவு பூஜ்யம் ரூபாய்.

மூன்று: ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, பாட்டு போகப் போக விலகுகிறது. இது வேறு கதை. யூ.எஸ்.பி மைக்கில் பதிந்து லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டில் கேட்டால், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும். அரைமணி நேரக் கச்சேரி என்றால் 90 மில்லிசெகண்ட் ஆகிவிடும். இதற்கு பஃபரைக் குறைத்தும் பயனில்லை, காம்பன்சேஷனை மாற்றியும் பயனில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

பாருங்கள், மூன்றுக்கும் நோயாளி சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "டைமிங் விலகுது." மருந்து மூன்றும் வேறு வேறு. "பாடும்போதே தாமதமா, பாடின பிறகா? ஆரம்பத்திலிருந்தேவா, போகப் போகவா?" இந்த இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும், தம்பியின் காசு மிஞ்சியிருக்கும். வயிற்று வலி என்று போனவனிடம் எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்காமல் கத்தியை எடுப்பவரை ஊரில் போலி டாக்டர் என்போம், போலீஸில் பிடித்துக் கொடுப்போம். இங்கே மட்டும் "தல, தெய்வம் தல நீங்க" என்று கும்பிடுகிறோம்!

இந்த வைத்தியர்களை நான் நான்கு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

1. கடைக்காரர். எதைக் கேட்டாலும் "வாங்கு" என்பார். இரைச்சலா? இன்டர்ஃபேஸ் வாங்கு. குரல் மந்தமா? கண்டென்சர் மைக் வாங்கு. கண்டென்சர் மைக் பலவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும் என்பதையோ, வெறும் சுவர் இருக்கும் அறையில் அது ஃபேன், ஆட்டோ, அம்மா தாளிக்கும் சத்தம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும் என்பதையோ சொல்ல மாட்டார். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். அது இலவசம். "உய்ங்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். பல சமயம் அதோடு அது போய்விடும். அதுவும் இலவசம். இலவசமான பதிலைச் சொன்னால் கெத்து குறைந்துவிடும் போல.

2. மதம் மாற்றுபவர். "நீ அதையா யூஸ் பண்றே? இதுக்கு வா!" கியூபேஸ்காரருக்கு எஃப்.எல். ஸ்டுடியோ பொம்மை. ஏபிள்டன்காரருக்கு கியூபேஸ் தாத்தா காலத்துது. லாஜிக்காரருக்கு விண்டோஸ் வைத்திருப்பவன் மனுஷனே இல்லை. கேட்ட கேள்வியோ "இரண்டு டிராக்கை எப்படிச் சேர்ப்பது?" அதற்குப் பதில் ஊரை விட்டே ஓடு என்பதா? ஒருத்தன் மூன்று மாதம் பழகிய கைப்பழக்கத்தைத் தூக்கி எறியச் சொல்வது பதிலாகாது, தண்டனைதான் ஆகும். ஒலியைச் சேமிக்கும் கணக்கு எல்லா சாஃப்ட்வேரிலும் ஒன்றுதான். உள்ளே வரும்போதே உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்ட குரல், எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் வெட்டுப்பட்ட குரல்தான்.

3. முனிவர். "முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள் குழந்தாய்." சரி குருவே, அடிப்படை எது? அதைச் சொல்ல மாட்டார். சொன்னால் முனிவர் பட்டம் போய்விடும். இவருக்கு எல்லாம் தெரியும். அதில் ஒன்றே ஒன்றைத் தேவையான நேரத்தில் எடுத்துக் கொடுக்க மட்டும் தெரியாது.

4. கிராக் வள்ளல். பென் டிரைவோடு அலைபவர். காசு இல்லாத மாணவனுக்கு உதவுகிறோம் என்ற பெருமை வேறு. இவர் கொடுக்கும் ஃபைலைப் போட வைரஸ் தடுப்பை முதலில் அணைக்க வேண்டும்! திருடனை உள்ளே விடுவதற்காக நாயைக் கட்டிப் போடுவது போல. அது பாதியில் நின்றால் காரணம் சாஃப்ட்வேரா, உடைத்தவன் உள்ளே வைத்ததா என்று எவனாலும் சொல்ல முடியாது. உதவி கேட்கும் வாசலையே அடைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஏதோ இலவசமாக ஒன்றுமே இல்லாத மாதிரி! ஆடாசிட்டி இலவசம். எல்.எம்.எம்.எஸ் இலவசம். ஆப்பிள் கருவி வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் எந்த வசதியும் குறையாமல் சோதித்துப் பார்க்கலாம், அதன் தனிநபர் உரிமம் 60 டாலர்.

இந்த நால்வரையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதைவிட நுணுக்கமான ஆபத்து ஒன்று இருக்கிறது: வேறு ஊர் இசைக்குச் சரியான பதிலை, நம் இசைக்கு அப்படியே தூக்கி வைப்பது.

கர்நாடக இசை படிக்கும் தோழி ஒருத்தி, "குரல் கொஞ்சம் சுத்தமாக வரணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். உடனே வந்த பதில்: "ஆட்டோ-ட்யூன் போடு, வேகத்தை ஃபுல்லா வை." ஆட்டோ-ட்யூன் 1997-இல் வந்தது. அது குரலை அருகில் இருக்கும் ஸ்வரப் படியில் இழுத்து உட்கார வைக்கும். கமகம் என்பதே படிகளுக்கு நடுவில் வழுக்கிப் போவதுதானே! அந்த வழுக்கலை அது தவறு என்று நினைத்துப் படிக்கட்டாக வெட்டிவிடும். தோடியின் காந்தாரத்தை அதில் போட்டுப் பாருங்கள், மாடிப்படியில் உருண்டு விழுகிற மாதிரி இருக்கும். அதோடு, அது வழக்கமாக 440 ஹெர்ட்ஸை வைத்துத்தான் தன் படிகளைக் கட்டும். உங்கள் சுருதிப் பெட்டி அந்தப் படியில்தான் நிற்கிறது என்று என்ன உத்தரவாதம்? ஐந்தரைக் கட்டை என்று நாம் வைப்பது ஒரு முடி அளவு மேலேயோ கீழேயோ இருக்கலாம். குரல் சுருதியோடு சரியாகச் சேர்ந்திருக்கும், மெஷின் அதைச் சுருதியை விட்டு நகர்த்தி "திருத்தும்"! கேட்டிருக்க வேண்டிய கேள்வி "என்ன பாடுறே? சுருதி எதில் வெச்சிருக்கே?" என்பதுதான். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. "பதிஞ்ச பாட்டு மெதுவாவும் இறங்கியும் கேக்குது" என்று ஒருத்தர் சொன்னதற்கு, "உனக்கு சுருதி சுத்தம் இல்லை, குரு கிட்ட போ" என்று ஒரு பெரிய மனுஷர் பதில் சொன்னதைக் காதாலேயே கேட்டேன். 48,000 சாம்பிளில் பதிந்ததை 44,100 என்று நினைத்துக்கொண்டு போட்டால், பாட்டு சுமார் எட்டு சதவீதம் மெதுவாகும். சுருதி அரைக் கட்டைக்கும் மேலேயே இறங்கிவிடும். ஒரு எண்ணை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு குருகுலவாசமா!

இப்போது எதிர்க் கட்சியின் வாதத்தையும் கேட்போம், அதுதான் நியாயம்.

"ஒரே கேள்வியை நூறு பேர் கேக்குறாங்க. தேடிப் பார்க்கிறதே இல்லை. 'ரெக்கார்ட் ஆகலை, ஹெல்ப்' அப்படின்னு மொட்டையா கேக்குறாங்க. நாங்க சம்பளம் வாங்குறோமா?" என்கிறார்கள்.

முதல் பகுதி உண்மை. கேட்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எரிக் ரேமண்ட் 2001-இலேயே, கேள்வியை எப்படிப் புத்திசாலித்தனமாகக் கேட்பது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உலகம் முழுக்கப் படித்தார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அதைப் பாதிப்பேர் கேள்வி கேட்பவன் தலையில் தட்டும் பிரம்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சரியான வார்த்தையோடு கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி பதில் ஏற்கெனவே தெரியும். "லேட்டன்ஸி" என்ற வார்த்தையே தெரியாதவன் எதைப் போட்டுத் தேடுவான்? "குரல் லேட்டா வருது" என்று தமிழில் போட்டால் அவனுக்கு என்ன கிடைத்துவிடும்? அவனுக்கு முதலில் தேவை வியாதியின் பெயர். அதைத் தருவதே பெரிய உதவி.

சம்பளம் விஷயம். நீங்கள் இலவசமாக ஓட்டுகிற ஆடாசிட்டியை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டோமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பெர்கும் 1999-இல் தொடங்கி 2000-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ தன்னார்வலர்கள் தங்கள் ராத்திரித் தூக்கத்தை விட்டு அதை வளர்த்தார்கள். அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டு "நான் ஏன் சும்மா சொல்லணும்?" என்பது என்ன நியாயம் பாஸ்? சொல்ல நேரம் இல்லையா, சும்மா இருங்கள். அது குற்றமே இல்லை. குற்றம் எதுவென்றால், நேரம் இல்லாமலேயே பதில் சொல்வது.

சும்மா திட்டிவிட்டுப் போனால் நானும் முனிவர் ஜாதிதான். அதனால் என் சிபாரிசு:

உதவுகிறவர் வாயைத் திறக்கும் முன் ஐந்து விஷயம் கேட்க வேண்டும். என்ன கம்ப்யூட்டர், என்ன சாஃப்ட்வேர்? குரல் எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாகக் காதுக்கு வருகிறது? எதை எதிர்பார்த்தாய், என்ன நடந்தது? எப்போதிலிருந்து? இதுவரை எதை மாற்றிப் பார்த்தாய்? இதில் இரண்டாவது கேள்வி மட்டுமே பாதிப் பிரச்சினையைப் பிடித்துக் கொடுத்துவிடும். "ப்ளூடூத் ஹெட்செட்ல பாடுறேன் அண்ணா" என்று பதில் வந்தால் கதை முடிந்தது. பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் மைக்கை இயக்கியதும் போன் பேசும் முறைக்கு மாறி, ஒலித்தரம் தடாலென்று விழும். தாமதமும் சேர்ந்துகொள்ளும். பத்து ரூபாய் செலவில்லாமல் பழைய வயர் ஹெட்போன் போதும்.

அடுத்து, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் சொல்ல வேண்டும். ஏழு செட்டிங்கை ஒன்றாக மாற்றச் சொன்னால், சரியானாலும் எதனால் சரியாச்சு என்று தெரியாது. அதோடு காரணத்தையும் சொல்ல வேண்டும். "256 வை" என்றால் இன்றைக்கு மட்டும் வேலை நடக்கும். பக்கெட் கதையோடு சொன்னால் அவன் நாளைக்கு இன்னொருத்தனுக்குச் சொல்வான். சத்தம் கரகரவென்று உடைந்தால் பஃபரைக் கூட்ட வேண்டும் என்பதையும் அவனே கண்டுபிடிப்பான்.

கேட்கிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. தீர்ந்ததும் "ஓகே, தேங்க்ஸ்" என்று காணாமல் போகாதீர்கள். எது தீர்த்தது என்று வந்து சொல்லுங்கள். முடிந்தால் தமிழில் நாலு வரி எழுதி வையுங்கள். நீங்கள் வாங்கிய கடனுக்கு வட்டி அதுதான்.

இதெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் தன் வீட்டில் உட்கார்ந்து ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். கருவி, நாலு டிராக் கேசட் மெஷின் ஒன்று, இரண்டு ஷ்யூர் எஸ்.எம்.57 மைக். அவ்வளவுதான். அதை அமைத்துக் கொடுத்து உடனிருந்தவர் அவருடைய கிட்டார் டெக்னீஷியன் மைக் பாட்லான். பிறகு முழு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அவற்றைப் பாடிப் பார்த்தும் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. அந்த கேசட்டே அதே வருடம் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. பாடகரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருத்தர் "மொதல்ல இந்த டப்பா மெஷினைத் தூக்கிப் போடு தல" என்று சொல்லாமல், இருக்கிற மெஷினில் பதிய உதவினார் என்பதை யாரும் பேசுவதில்லை.

நம்மூரில் தவில் வாசிக்கிறவர், கானா பாடுகிறவர், பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைக்க நினைக்கும் பேத்தி என்று எத்தனையோ பேர் கையில் இன்றைக்கு அந்த கேசட் மெஷினைவிட ஆயிரம் மடங்கு வசதியான கருவி இருக்கிறது. அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கு அலட்சியமான பதில் வந்தால் இரண்டாவது கேள்வி வராது. பாட்டி அதுவரை காத்திருக்க மாட்டாள். புது மைக்கை அப்புறம் வாங்கிக் கொள்ளலாம், அந்தத் தாலாட்டை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

ஆகவே மகாஜனங்களே, அடுத்த முறை யாராவது "சவுண்ட் சரியா வரலை" என்று வந்தால், நாக்கு நுனியில் இருக்கும் அந்த மைக் மாடல் நம்பரை விழுங்கிவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்.

டிஸ்கி: கடைக்காரர், மதம் மாற்றுபவர், முனிவர், வள்ளல் எல்லாம் யாரையும் தனியாகக் குறிப்பவை அல்ல. தொப்பி சரியாகப் பொருந்தினால் கம்பெனி பொறுப்பல்ல :-)